வலே வேலையும் ஓர் ‘ஐயோ அம்மா’வும்

அம்மாவிடம் நான் சொன்னது முழுப்பொய் இல்லை. "ஞாயிற்றுக்கிழமைகளிலை ஒஷாவாவிலை வலே வேலை கிடைச்சிருக்கு" என்றேன். மல்யுத்தக்காரனை மேடைவரை கூட்டிக்கொண்டு போய், அவனுடைய அங்கியை வாங்கி வைத்து, அவன் தோற்கப்போகிற நேரம் பார்த்து நடுவரோடு வாய்காட்டி மறிக்கிற பெண்ணுக்கும் அந்தத் தொழிலில் வலே என்றுதான் பெயர். அம்மாவுக்குத் தெரிந்த வலே, மண்டப வாசலில் திறப்பை வாங்கிக் கார் நிறுத்துகிறவர்கள். "கவனமாய் ஓட்டு பிள்ளை, ஊரான்ரை கார்" என்றார். நானும் ஓம் என்று தலையாட்டிவிட்டேன்.

அது கனடாவில் தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கிழமை நாட்களில் மிசிசாகாவில் விமானச் சாப்பாட்டுத் தட்டுகளுக்கு மூடி போடுவேன். பக்கத்தில் நின்று மூடி போட்ட வெள்ளைக்காரனுக்கு ஆறரை அடி உயரம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் மல்யுத்தக்காரன். மேற்பார்வையாளரோடு நான் சண்டை பிடிப்பதை ஒருநாள் பார்த்துவிட்டு, "இந்த வாய் இங்கே வீணாகிறது" என்று கையோடு ஒஷாவாவுக்குக் கூட்டிப் போனான்.

நிகழ்ச்சி நடத்துகிறவர் என்னை இந்திய மகாராணி ஆக்கினார். நான் இலங்கை என்றேன். ஒஷாவாவில் யார் கேட்கப்போகிறார்கள் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அம்மாவின் கலியாணத்து நாலாம் சடங்குச் சீலையை உடுத்து, கொசுவம் குலையாமல் இருபது சேஃப்ரி பின் குத்திக்கொண்டு, கயிற்றோரம் ஏறி நின்றேன். சனம் கூவிக் கூவித் திட்டியது. நான் திருப்பித் திட்டினேன். கனடாவுக்கு வந்த பிறகு அவ்வளவு சந்தோசமாக நான் ஒருநாளும் இருந்ததில்லை.

இதற்கிடையில் அம்மா பெருமை தாங்காமல், ஓர் அன்ரியின் வயதுக்கு வந்த மகளுடைய சாமத்தியச் சடங்குக்குக் கார் நிறுத்த என்னை ஒப்புக்கொடுத்துவிட்டார். எனக்கு நேராகவே நிறுத்தத் தெரியாது. முதல் எடுத்த வான் வண்டியின் பக்கக் கண்ணாடி உடைந்து போனதும் என்னைப் பந்தி பரிமாற அனுப்பிவிட்டார்கள். "ஒஷாவாவிலை உன்னை எப்பிடித்தான் வைச்சிருக்கினமோ" என்றார் அம்மா.

இரண்டாம் வருடம் கயிற்றோரத்தில் சறுக்கி முழங்கால் பிசகியது. அம்மாவிடம் கார்க் கதவு அடித்துவிட்டது என்றேன். நிகழ்ச்சிக்காரருக்கு என் வாயை விட மனமில்லை. அதே சீலையோடு, இன்னொரு வர்ணனையாளனுக்குப் பக்கத்தில் ஒலிவாங்கிக்கு முன்னால் இருத்தி வர்ணனை சொல்ல வைத்தார். அதைப் பதிவுசெய்து பல மொழிக்காரருக்கும் நேரம் கொடுக்கிற ஒரு கேபிள் சனலில் சனிக்கிழமை மூன்று மணிக்குப் போடப்போவதாகச் சொன்னார். பொய் சொன்னதை அம்மா பொறுத்தாலும், ஆம்பிளைகள் உள்ளுடுப்போடு கட்டிப் புரளுகிற இடத்தில் தன் சீலையோடு நான் இருப்பதைப் பொறுப்பாரா? அன்றோடு எல்லாம் முடிந்துவிடும்.

அந்தப் பதிவில்தான் என் ஆறரை அடிக்காரனைக் கயிற்றுக்கு மேலால் வெளியே எறிந்தார்கள். எறிவது திட்டம், இரும்பு வேலியில் மண்டை அடிபட்டது திட்டம் இல்லை. அதுவரை இங்கிலீசில் பொரிந்துகொண்டிருந்த நான், "ஐயோ அம்மா!" என்று கத்திவிட்டேன். அந்த இடத்தை வெட்டச் சொல்லி எவ்வளவோ கெஞ்சினேன். நீ பேசியதிலேயே அதுதான் திறம் என்று சிரித்தார் நிகழ்ச்சிக்காரர்.

சனிக்கிழமை இரண்டரைக்கே அம்மாவைக் கிளப்பி, மில்லிக்கனில் ஒரு தமிழ்க் கடைக்குக் கூட்டிப் போனேன். வீட்டு ரீவியிலிருந்து தப்பினேன் என்றுதான் நினைப்பு. நாலு மணிக்கு அதே சனலில் தமிழ் நிகழ்ச்சி வரும் என்பதும், கடைக்காரர் மத்தியானத்திலிருந்தே அதைப் போட்டு வைத்திருப்பார் என்பதும் என் மரமண்டைக்கு எட்டவில்லை.

அம்மா வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே ரீவியில், "ஐயோ அம்மா!"

"என்ன பிள்ளை, என்ன நடந்தது?" என்றார் அம்மா பதறி.

நான் பையோடு பக்கத்தில், வாயை மூடிக்கொண்டு நின்றேன். அம்மா என்னைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். அங்கே நான் காதில் ஹெட்போனும், உடம்பில் அவருடைய சீலையுமாக இருந்தேன்.

"அன்ரி, உது உங்கட மகளெல்லே?" என்றார் கடைக்காரர்.

"ஓம்" என்று அம்மா வெண்டிக்காயை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனார்.

காரில், ஸ்டீல்ஸ் வீதிச் சிவப்பு விளக்கில் நின்றபோது அம்மா கேட்டார்.

"உதுதான் வலேயோ?"

"ஓம் அம்மா."

"என்ரை நாலாம் சடங்குச் சீலையெல்லே."

"ஓம்." எனக்கு அழுகை வந்துவிட்டது. "எனக்கு உது சரியான விருப்பம் அம்மா. விடச்சொல்லிச் சொல்லாதேங்கோ."

விளக்குப் பச்சையாகி, பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான். அம்மா கண்ணாடிப் பக்கம் திரும்பியிருந்தார்.

"அந்தப் பெடியனுக்கு நொந்ததோ?"

"மண்டையிலை நாலு தையல்."

"நீ ‘ஐயோ அம்மா’ எண்டு கத்தினனி. பக்கத்திலை இருந்தவனுக்கு விளங்கினதோ?"

"இல்லை அம்மா."

"அங்கை ஒருத்தருக்கும் விளங்காதெல்லே" என்றார். "இனி ஞாயிற்றுக்கிழமைகளிலை நானும் வாறன்."