அப்பாவுக்கு வேண்டாத வெளிக் கரண்ட்

பிடிவாதத்தில் நான் அப்பாவை உரித்துவைத்திருக்கிறேன் என்று எங்கள் தெருவான வலியசாலையில் எல்லோரும் சொல்வார்கள். அப்பா கரண்ட் ஆபீசில் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவர். மின்வெட்டை யாராவது திட்டினால் தன்னையே திட்டியதுபோல முகம் சிவக்கும். "இப்ப வந்துடும்" என்பார். சாயங்காலந்தோறும் அரைமணி நேரம் அது வராது.

அந்த நேரம் பார்த்துத்தான் அவருக்கு ஆஸ்துமா இழுப்பு வரும். மருந்தை ஆவியாக்கித் தரும் நெபுலைசர் கரண்ட் இல்லாமல் ஓடாது. இன்வெர்ட்டர் வாங்கிப் பார்த்தோம். பேட்டரியின் அமில நெடி இழுப்பை இன்னும் கூட்டியது. ஒருநாள் அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறியதைப் பார்த்தேன். பயத்தைவிடக் கோபம்தான் வந்தது. இனி இவரை இப்படி நிற்க விடமாட்டேன் என்று முடிவுசெய்தேன்.

நான் பாடம் நடத்திய கல்லூரியின் பரிசோதனைக்கூடத்தில் சிறிய ஃப்யூயல் செல் ஒன்று இருந்தது. அதற்குள் ஹைட்ரஜனும் காற்றும் சேர்ந்து நெருப்பில்லாமலே மின்சாரம் தரும். மிஞ்சுவது சூடும் தண்ணீரும்தான். வீட்டில் வைத்துச் சோதிக்க அனுமதி கேட்டு நடையாய் நடந்தேன். என் தொல்லை பொறுக்காமல் துறைத் தலைவர் சரி என்றார்.

கொல்லையில், திறந்த வெளியில், ஹைட்ரஜன் சிலிண்டரைச் சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டினேன். அடுத்தாத்து மாமா வந்துவிட்டார்.

"இது வெடிச்சா தெருவே போயிடும், கேட்டியா?"

"உங்காத்து அடுக்களையிலயும் சிலிண்டர் இருக்கே மாமா. இதுவாவது வெளியில இருக்கு."

மாமாவைச் சமாளித்துவிட்டேன். அப்பாவுக்கோ தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

"நான் கரண்ட் ஆபீஸ்காரன். வெளிக் கரண்ட் எனக்கு வேண்டாம்."

அன்று சாயங்காலமும் விளக்கணைந்தது. இழுப்பும் தொடங்கியது. நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. செல்லை ஓடவிட்டு, நெபுலைசரின் முகமூடியை அவர் முகத்தில் வைத்து அழுத்தினேன். என் கையைத் தட்டிவிடப் பார்த்தார். மருந்து உள்ளே போகப்போகக் கை தளர்ந்தது. செல்லைக் குளிர்விக்க ஓடி அதன் சூட்டை வாங்கிக்கொண்டு வந்த வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு பேசினில் பிடித்து, ஜில்லிட்டிருந்த அவர் பாதங்களை அதில் வைத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கரண்ட் வந்து தெருவிளக்கு எரிந்தது. பிளக்கைச் சுவருக்கு மாற்ற எழுந்தேன். அப்பா முகமூடியை விலக்கினார்.

"வேண்டாம், இதுலயே ஓடட்டும். அது மறுபடியும் போனாலும் போகும். எனக்குத் தெரியாதா?"