உள்ளங்கையில் உப்பு

கல்யாணமாகி வந்த மறுவாரம் என் வீட்டுக்காரர் என்னை உப்பளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரி. கறுப்பு மண்ணையே பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்த வெள்ளை வெளிச்சம் தாங்கவில்லை. முந்தானையை நெற்றிக்கு இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன். பாத்தியிலிருந்து அப்போதுதான் வாரிப்போட்ட ஈர உப்பில் ஒரு பிடி அள்ளி, "ஏளா, கையை நீட்டு" என்றார். நான் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

"எங்க ஊர்ல உப்பைக் கையில வாங்க மாட்டோம். வாங்குனா உறவு முறிஞ்சிரும்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்தில் நின்ற அவர் தம்பியும் கூடச் சேர்ந்துகொண்டான். "அப்படிப் பாத்தா மதினி, இந்த அளத்துல ஒருத்தனுக்கு ஒருத்தன் பேச்சுவார்த்தையே இருக்கக் கூடாதே" என்றான்.

அவன் சொன்னது சரிதான். தூத்துக்குடி உப்பளத்தில் உள்ளங்கைதான் எல்லாம். வியாபாரி வந்தால் அவன் கையில் ஒரு பிடி உப்பைப் போட வேண்டும். அவன் கசக்கிப் பார்ப்பான், ஈரம் பார்ப்பான், நாக்கில் வைத்துக் கைப்பு இருக்கிறதா என்று பார்ப்பான். விலை படிந்துவிட்டால் மறுபடியும் ஒரு பிடி போடுவார்கள். வாங்குகிறவன் விரலை மடக்கி மூடிக்கொண்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அவன் அப்பனே வந்து சொன்னாலும் வாக்கு மாறக் கூடாது. எங்கள் ஊரில் உறவை முறிக்கிற காரியம் இவர்கள் ஊரில் உறவைக் கட்டுகிற காரியமாக இருந்தது. கொஞ்ச நாளில் நானும் பழகிவிட்டேன். அளத்துக்குப் போனால் நானே கையை நீட்ட ஆரம்பித்தேன்.

தாய் தகப்பன் இல்லாமல் தம்பியை வளர்த்தவர் என் வீட்டுக்காரர். எங்களுக்கும் பிள்ளை இல்லை. அதனால் அந்த வீட்டில் பிள்ளை என்றால் அவன்தான். காலையில் பாத்தியிலிருந்து வாரும் முதல் உப்பை, அதாவது முதல் வாரலை, என் வீட்டுக்காரர் அவன் கையில்தான் போடுவார். "எப்படிலே இருக்கு?" என்பார். அவன் நாக்கில் தொட்டுவிட்டு, "கைப்பு கெடக்குண்ணே, பழைய தண்ணியை வெட்டி விட்டுரணும்" என்பான், இல்லாவிட்டால் "சீனி மாதிரி இருக்கு" என்பான். அவன் வாயிலிருந்து அது வராமல் அவர் ஒரு மூட்டை கட்ட மாட்டார். எனக்குச் சில நாள் பொறாமையாகக்கூட இருக்கும். என் குழம்பை அவர் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை.

அந்தத் தம்பி பம்பாய்க்குப் போகப் போகிறேன் என்று ஒரு நாள் சொன்னான். சேக்காளி ஒருத்தன் அங்கே கடையில் இருந்தான், இடம் பார்த்து வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டிருந்தான். புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிக்கொண்டு லாரிகள் ராப்பகலாகப் போய்க்கொண்டிருந்த சமயம். ஊர் பெரிசாகப் போகிறது என்று எல்லோரும் பேசினார்கள். எங்களைப் போலச் சின்னக் குத்தகைக்காரர்களுக்கு மட்டும் பெரிய வியாபாரி சொன்னதுதான் விலை. "இங்கன கெடந்து என்னண்ணே செய்ய?" என்றான். அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் வந்து, "உனக்கு இங்கனயே ஒரு தொழில் போட்டுத் தாரேன், நீ எங்கயும் போக வேண்டாம்லே" என்றார்.

உப்பு அரைக்கிற மிஷின் எங்கள் வீட்டுக்கு வந்த கதை இதுதான். சிறுதொழில் ஆபீசிலிருந்து வந்தவர் திட்டம் சொன்னார், கோயம்புத்தூர்க்காரர்கள் செய்து தந்தார்கள், கல்லுப்பைத் தூளாக்கிப் பாக்கெட்டில் விற்றால் லாபம் என்றெல்லாம் ஆயிரம் சொல்லலாம். என் வீட்டுக்காரர் அந்த மிஷினை வாங்கியது உப்பை அரைக்க இல்லை. தம்பியை ஊரில் நிறுத்தி வைக்க வாங்கினார். என் அப்பா எனக்குக் கொடுத்திருந்த கரிசல் நிலத்தை விற்றுத்தான் வாங்கினார். நான் ஒன்றும் சிரித்த முகத்தோடு கையெழுத்துப் போடவில்லை. நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் போட்டேன். ஆனாலும் போட்டேன், ஏனென்றால் அவன் போய்விட்டால் அந்த வீடு எப்படியிருக்கும் என்று எனக்கும் தெரியும்.

தகரக் கொட்டகை போட்டு மிஷினை இறக்கினார்கள். தம்பிதான் ஓட்டினான். சாயங்காலம் வரும்போது புருவம், கண்ணிமை எல்லாம் வெள்ளையாக இருக்கும். "வந்துட்டாருய்யா கெழவரு" என்று கேலி செய்வேன். நானும் அவனும் உட்கார்ந்து பாலிதீன் பையில் உப்பை நிறைத்து, மெழுகுவத்திச் சுடரில் வாயைக் காட்டி ஒட்டுவோம். பையின் மேல் முத்துச்சிப்பிப் படம். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்று எத்தனையோ வருஷம் ஆகியும் சிப்பிப் படத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

சரக்கு அருமையாக இருந்தது, வாங்கத்தான் ஆள் இல்லை. "உப்பு வெளையுத ஊர்லயே உப்பைப் பையில போட்டு விக்க வாரீகளே அண்ணாச்சி" என்று கடைக்காரர்கள் சிரித்தார்கள். மிஷின் வாங்கச் சொன்ன ஆபீசரிடம் என் வீட்டுக்காரர் போய் நின்றார். வெளியூரில் ஏஜெண்டு பிடிக்க வேண்டும், அதற்குப் பொருட்காட்சியில் ஸ்டால் போட வேண்டும் என்று அவர் சொன்னார். மிஷின் வாங்குவதற்கு முன்னாலேயே இதைச் சொல்லியிருக்கலாம். எவன் வாங்குவான் என்று பார்த்துவிட்டு மிஷின் வாங்குவதுதான் முறை என்பது இப்போது எனக்கே தெரிகிறது.

மதுரையில் சித்திரை மாதம் நடக்கிற பொருட்காட்சியில் ஓர் ஓரத்தில் எங்களுக்கு ஸ்டால் கிடைத்தது. போவதற்கு முன் அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டார்கள். மதுரையில் ஓர் ஏஜெண்டு அமைந்துவிட்டால் தம்பி ஊரிலேயே இருப்பான். அமையாவிட்டால் மழை தொடங்கி அளத்தில் வேலை நின்றதும் பம்பாய் போவான். அவன் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அண்ணன் சிரிக்கவில்லை.

பொருட்காட்சியில் பகலெல்லாம் ஈ காக்காய் கிடையாது. வெயில் தாழ்ந்து, விளக்குப் போட்ட பிறகுதான் கூட்டம் வந்தது. இவர் ஸ்டால் வாசலில் நின்றுகொண்டு, "வாங்கம்மா, தூத்துக்குடி தூள் உப்பு, சாம்பிள் பாருங்க" என்று வருகிறவர்கள் கையில் எல்லாம் ஒரு சிட்டிகை போடப் போனார். பெண்கள் சூடு பட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டார்கள். ஒரு வயசான அம்மா, "வெளக்கு வச்ச நேரத்துல உப்பைக் கையில குடுக்குறியே, நீயெல்லாம் மனுசன்தானா?" என்று வைதுவிட்டுப் போனாள்.

நான் அவரை உள்ளே கூப்பிட்டேன். "இங்கயெல்லாம் எங்க ஊர் மாதிரிதான். கையில வாங்க மாட்டாங்க. விளக்கு வச்ச பொறவு அந்தப் பேரையே சொல்ல மாட்டாங்க."

"உப்பு விக்க வந்தவன் உப்புன்னு சொல்லாம என்னன்னு சொல்லுவான்?" என்றார். கேள்வி நியாயமானதுதான்.

தம்பிதான் வழி கண்டுபிடித்தான். மறுநாள் மாங்காய் வாங்கி வந்து கீற்றுப் போட்டு, எங்கள் உப்பையும் வத்தல்பொடியையும் தூவித் தட்டில் அடுக்கினான். யாரும் யார் கையிலும் எதையும் போட வேண்டாம். அவரவரே எடுத்துக்கொள்ளலாம். கூட்டம் அலைமோதியது. தின்றவர்கள் எல்லோரும் மாங்காய் எந்த ஊர் என்றுதான் கேட்டார்கள். அவன் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வர, "அண்ணே, பேசாம மாந்தோப்பு போடுவோம்" என்றான். அவரும் அன்றைக்குச் சிரித்தார். அவர்கள் இருவரும் சேர்ந்து அப்படிச் சிரித்ததை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

கடைசி நாள் சாயங்காலம் ஒரு மளிகை மொத்த வியாபாரி தன் வீட்டம்மாவோடு வந்தார். மாங்காயைத் தொடவில்லை. நேரே உப்பைப் பார்த்தார். பாக்கெட்டைத் தட்டிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மாதம் எவ்வளவு அரைக்க முடியும், சொன்ன தேதிக்கு லாரி வருமா என்று விவரமாகக் கேட்டார். தம்பி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். நான் உள்ளே மெழுகுவத்தியை அணைத்துவிட்டு மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவர், "சரக்கு சுத்தமா இருக்கு அண்ணாச்சி. மதுரை டவுனை நானே எடுத்துக்கிறேன்" என்றார்.

என் வீட்டுக்காரர் முகத்தை அந்த நேரத்தில் பார்த்திருக்க வேண்டும். அத்தனை நாளும் ஜாக்கிரதையாக இருந்த மனுஷன், சந்தோஷத்தில், தான் நிற்பது மதுரை என்பதையே மறந்துபோனார். அளத்தில் விலை படிந்தால் என்ன செய்வாரோ அதைச் செய்தார். ஒரு பிடி உப்பை அள்ளினார், அந்த மனிதரின் கையைப் பிடித்து விரித்தார், போட்டார். நான் எழுந்திருப்பதற்குள் முடிந்துவிட்டது.

அந்த ஆள் கையை உதறினார். உப்பு எல்லோர் காலடியிலும் சிந்தியது. அவர் வீட்டம்மா அதை மிதித்துவிடாமல் சேலையைத் தூக்கிப் பிடித்து ஒதுங்கி நின்றாள். அவள் முகம் கறுத்துவிட்டது. புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அவர் வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, "வீட்டுல கலந்துகிட்டு ஆள் விடுறேன் அண்ணாச்சி" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். கும்பிட்டுவிட்டுத்தான் போனார்.

என் வீட்டுக்காரர் நீட்டிய கையோடு அப்படியே நின்றார். தம்பி குனிந்து கீழே கிடந்த உப்பை ஓரமாகக் கூட்டினான். "விடுண்ணே, ஆள் விடுவாரு" என்றான். எந்த ஆளும் வரவில்லை.

ஒரு பிடி உப்பினால் மட்டும் அந்த வியாபாரம் போயிருக்காது. எத்தனையோ கணக்குப் போட்டிருப்பார் அந்த மனிதர். இதை நான் என் வீட்டுக்காரரிடம் நூறு தடவை சொல்லியிருப்பேன். அவர் காதில் அது ஏறவே இல்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. பாத்தியெல்லாம் வெள்ளக்காடு. குவித்த உப்பு அம்பாரத்தின் மேல் பனையோலை வேய்ந்து முடித்த அன்று தம்பி கிளம்பினான். டிரங்குப் பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு, அளத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வந்தான். ஓலையை விலக்கி, "போடுண்ணே" என்று உள்ளங்கையை நீட்டினான். "ரெண்டு வருசத்துல திரும்பி வந்துருதேன். இது பேச்சு."

அவர் ஒரு பிடி எடுத்து அவன் கையில் போட்டார். அவன் விரலை மடக்கி மூடிக்கொண்டான். நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்த ஊர்க்காரியாகிப் போயிருந்தேன்.

இரண்டு வருஷம் முடியவில்லை. தம்பிக்கு மஞ்சள்காமாலை என்று பம்பாயிலிருந்து தந்தி வந்தது. இவர் ரயில் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, கூட இருந்த நம் ஊர்ப் பையன்கள் சாம்பலைக் கரைத்துவிட்டு வந்திருந்தார்கள். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அந்த டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தார். திறந்தால் இரண்டு சட்டை, ஒரு சீப்பு, எங்கள் சிப்பிப் படம் போட்ட உப்புப் பாக்கெட் ஒன்று. பாதி தீர்ந்திருந்தது. மீதி கல்லாகக் கட்டிப்போயிருந்தது. நான் அதை மடியில் வைத்துக்கொண்டு ஊரைக் கூட்டி அழுதேன். அவர் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மிஷினைப் பிறகு யாரும் ஓட்டவில்லை. உப்புக்காற்றில் இரும்பு எத்தனை நாள் தாங்கும்? உதிர ஆரம்பித்ததும் பழைய இரும்புக்காரனிடம் போட்டோம். என் நிலம் போனதற்கு நான் அழவில்லை. அந்தக் கொட்டகை காலியான அன்று அழுதேன்.

அளத்தில் அவர் யார் கையிலும் உப்புப் போடுவதை நிறுத்திவிட்டார். ஓர் ஓட்டுச் சில்லில் வைத்து நீட்டுவார். விலை படிந்தால், "வாய்ப்பேச்சு போதும்" என்பார். வியாபாரிகள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஒரு நாள் மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஏளா, நீ அன்னைக்கே சொன்னே. கையை ஒளிச்சுக்கிட்டே. நான்தான் சிரிச்சேன்" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கையில உப்புப் போட்டா காமாலை வருமா? கிறுக்குத்தனமாப் பேசாதீங்க. நான் சொன்னது பட்டிக்காட்டுப் பேச்சு" என்று கத்தினேன். சின்ன வயதிலிருந்து நான் நம்பி வந்த ஒன்றை, அந்த மனுஷனுக்காக, அந்த நிமிஷத்தோடு விட்டேன். ஆனால் நான் விட்டதை அவர் பிடித்துக்கொண்டுவிட்டார்.

அடுத்த பருவம் தொடங்கியது. முதல் வாரல் அன்று நானும் அளத்துக்குப் போனேன். அவர் பக்கத்தில் போய் நின்று, உள்ளங்கையை விரித்து நீட்டினேன்.

"போடுங்க."

"வேண்டாம்ளா."

"போடுங்கன்னா போடுங்க. என்ன முறியுதுன்னு நானும் பாத்துருதேன்."

குனிந்து ஒரு பிடி அள்ளினார். என் கைக்கு நேரே கொண்டுவந்தார். ஈர உப்பிலிருந்து தண்ணீர் என் உள்ளங்கையில் சொட்டியது. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்துவிட்டு, அந்த உப்பைத் திரும்பவும் பாத்தியிலேயே போட்டார்.

"எனக்குன்னு நீ ஒருத்திதானளா இருக்கே" என்றார்.