சுடாமல் நின்ற பதினான்கு நொடி

கலைவாணன் பிறந்தது 1993 ஆகஸ்ட் 11, புதன்கிழமை. பூஞ்சேரிக்காரர். பதினோரு ஆண்டாக மாமல்லபுரத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். சவாரி இல்லாத நேரத்தில் செல்போனில் துப்பாக்கி விளையாட்டு. நூறு பேர் ஒரு தீவில் இறங்கி, ஓர் அணி மட்டும் மிஞ்சும்வரை சுட்டுக்கொள்வார்கள். நால்வர் ஓர் அணி. இவர் அணிக்குத் தலைவர் ஆல்வின், ஓட்டல் ஊழியர்.

2023 நவம்பரில் ஓர் ஆட்டத்தில் கலைவாணனுக்குத் தோட்டா தீர்ந்துவிட்டது. எதிரே ஒருவர் குறி வைத்து நின்றார். தப்ப வழியில்லை. கலைவாணன் திரையில் தனக்காக ஆடும் பொம்மையை மூன்று முறை உட்கார்ந்து எழ வைத்தார்.

“இன்னா அண்ணாத்த, புள்ளையாருக்குத் தோப்புக்கரணமா?” என்று போனில் ஒரு பெண் குரல் சிரித்தது. குறி வைத்து நின்ற பொம்மையும் மூன்று தோப்புக்கரணம் போட்டுவிட்டு, சுடாமல் போய்விட்டது.

அவர் பொன்னி. மதுராந்தகத்தில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அதன்பின் ஆட்டத்தில் எதிர்ப்பட்ட போதெல்லாம் இருவரும் மூன்று போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் போனார்கள். பத்தொன்பது தடவை என்று கலைவாணன் சொல்கிறார். வேறு சாட்சி இல்லை.

“மச்சான், சண்டைக்கு வந்தியா, சாமி கும்புட வந்தியா?” என்று ஆல்வின் கேலி செய்வார்.

2024 டிசம்பர் 15, ஞாயிறு. செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாவட்ட இறுதிப்போட்டி. ஜெயிக்கும் அணி மாநிலப் போட்டிக்குக் கோவை போகும். அதற்காக ஐந்து மாதம் தன் வார விடுப்பு முழுவதையும் ஆல்வின் பயிற்சிக்கே கொடுத்திருந்தார். மாலை 4.22க்கு மிஞ்சியவர்கள் இருவர்: கலைவாணன், எதிரணியில் பொன்னி. ஆட்ட எல்லை ஓர் அறை அளவுக்குச் சுருங்கியிருந்தது. பிரிந்து போக இடமில்லை. பொன்னியின் பொம்மை மூன்று முறை உட்கார்ந்து எழுந்தது. கலைவாணனின் விரலும் பழக்கத்தில் அதையே அழுத்தியது. பெரிய திரையைப் பார்த்து மண்டபமே சிரித்தது.

“சுட்றா மச்சான்!” ஆல்வின் கத்தினார்.

கலைவாணன் சுடவில்லை. பொன்னியும் சுடவில்லை. பதினான்கு நொடி. பேசிவைத்துக்கொண்டு ஆடியதாக நடுவர் இரண்டு அணிகளையும் நீக்கினார். மூன்றாவதாக வந்த அணி கோவைக்குத் தேர்வானது.

வாசலில், காலையில் இருவரும் சேர்ந்து வந்த பைக்கில் உட்கார்ந்தபடி ஆல்வின் கேட்டார்: “அவங்க இன்னா, உனுக்கு சொந்தமா?”

“இல்ல. மூஞ்சியே இன்னிக்கித்தான் பாத்தேன்.”

“எதிர்ல நான் நின்னுகினு இருந்தா?”

கலைவாணன் யோசித்தார். “உன்னியா? சுட்டிருப்பேன் மச்சான். நீ கோச்சுக்க மாட்டியே.”

ஆல்வின் சிரிக்கவில்லை. பின்சீட்டில் ஹெல்மெட்டை வைத்துக் கட்டிவிட்டுத் தனியாகக் கிளம்பினார். கலைவாணன் 5.40 பேருந்தில் நின்றுகொண்டே ஊர் வந்து சேர்ந்தார். மறுநாள் காலை அணியின் வாட்ஸ்அப் குழுவில் மூன்று பேர்தான் இருந்தார்கள்; ஆல்வின் இல்லை.