பம்பின் மேல் வைத்த கை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தள்ளிப் போட்டுவிட்டேன். ஒவ்வொரு கிருத்திகைக்கும் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது, இன்றைக்கு உட்கார்ந்து எழுதிவிட வேண்டும் என்று நினைப்பேன். வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும் மனசு பின்வாங்கிவிடும். தங்கச்சி மகளுக்குக் கல்யாணம் ஆகாமல் இருந்தது. அப்பனுக்குக் காது கேட்காது என்று தெரிந்தால், பெண்ணுக்கும் வருமோ, பிறக்கிற பிள்ளைக்கும் வருமோ என்று கேட்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். போன தையில் முருகன் புண்ணியத்தில் அந்தப் பெண் நல்ல இடத்துக்கு வாழப் போய்விட்டாள். சம்பந்தி வீட்டாரிடம் எல்லாவற்றையும் சொல்லித்தான் கொடுத்தோம். இனி எழுதத் தடையில்லை. நான் எட்டாவதுக்கு மேல் படிக்காதவன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கச்சி வீட்டுக்காரரை நான் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை மச்சான் என்பார். கருமத்தம்பட்டியில் மீசை முளைக்கும் முன்பே விசைத்தறிக்குப் போனவர். அந்தச் சத்தத்துக்குள்ளும் பஞ்சுத் தூசிக்குள்ளுமே பாதி வயசு போய்விட்டது. இருமல் வந்து, ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே தூங்குகிறார் என்று ஒருநாள் தங்கச்சி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“ஏனுங்ண்ணா, உங்க வண்டியிலயே அவரக் கூட்டிக்குங்க. மறுபடியும் தறிக்குப் போனா அவரு எனக்கு இல்லீங்” என்று அழுதாள்.

அழாதே அம்மணி, இனி அவரைத் தறிக்கு அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சாமி படத்துக்கு முன்னால் நின்று சொன்ன வார்த்தை அது.

என் வண்டி என்றால், பீளமேடு பக்கம் கண்ணாடிக் கட்டடங்களுக்குக் கண்ணாடி கழுவுகிற வண்டி. குட்டி லோடு வண்டியின் முதுகில் ஒரு தண்ணீர்த் தொட்டி, பேட்டரியில் ஓடும் சின்ன பம்பு, சுருட்டி வைத்த நீள டியூப். டியூபின் நுனியில் நீட்டி மடக்கும் கம்பமும், கம்பத்தின் தலையில் பிரஷும். உப்பில்லாத தண்ணீர் என்பதால் துடைக்க வேண்டாம். தானாகக் காய்ந்தால் கண்ணாடியில் கறை நிற்காது. நான் கம்பம் பிடிப்பேன். மாப்பிள்ளை வண்டியருகே நின்று தொட்டியையும் பம்பையும் பார்த்துக்கொள்வார்.

வந்த புதிதில் பம்புக்கு என்ன கோளாறு என்றாலும் அவர்தான் கண்டுபிடிப்பார். பம்பின் தலையில் உள்ளங்கையை வைப்பார். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்.

“காத்தக் குடிச்சுப்போட்டு ஏப்பம் உடறானுங் மச்சான். தொட்டிப் பக்கம் டியூப் லூசுங்” என்பார். போய்ப் பார்த்தால் கிளிப்பு லூசாக இருக்கும்.

இன்னொரு நாள், “இன்னிக்குச் சளி புடிச்சிருக்குதுங்” என்பார். வடிகட்டியைக் கழற்றினால் பாசி அப்பியிருக்கும். பம்பு விட்டு விட்டுத் துடித்தால் எங்கோ டியூபில் ஒழுக்கு என்று அர்த்தம். முனகினால் பேட்டரி இறங்கிவிட்டது என்று அர்த்தம். இதெல்லாம் அவர் எனக்குச் சொன்னதுதான். கை வைப்பதைப் பார்த்து, தொழில் செய்கிற பொருளைத் தொட்டுக் கும்பிடுகிறார் என்று நான் நினைத்திருந்தேன். நானும் காலையில் வண்டிக்குச் சூடம் காட்டாமல் சாவி போடுவதில்லை. அதனால் அது எனக்கு வித்தியாசமாகவே படவில்லை.

பிறகு ஒரு கம்பெனியில், பம்பு இரைவதால் உள்ளே மீட்டிங்கில் பேச முடியவில்லை என்றார்கள். பெரிய வேலை, மாதாமாதம் வருவது. சத்தத்தைக் குறைக்க பம்பைச் சுற்றி ஒரு மரப்பெட்டி அடித்தேன். உள்ளே ஸ்பாஞ்சு ஒட்டி, மேலே மூடி போட்டு, மழைக்கும் ஆச்சு என்று பூட்டும் மாட்டினேன். பக்கத்தில் நின்றால் சத்தம் மெதுவாகக் கேட்கும். தள்ளி நின்றால் கேட்காது.

அந்தப் பெட்டி வந்த பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது.

முதலில் ஒரு நாள் பிரஷில் தண்ணீர் நின்றது. ஃபியூஸ் பார்த்தோம், நன்றாக இருந்தது. பேட்டரி முனையில் பச்சை பூத்திருந்ததைச் சுடுதண்ணீர் ஊற்றிச் சுரண்டினோம். வடிகட்டியைக் கழுவினோம். பம்பு ஓடியது, தண்ணீர் வரவில்லை. கழற்றி உக்கடத்தில் மோட்டார் ரிப்பேர் செய்யும் பாயிடம் கொண்டுபோனோம். பாய் எங்களுக்குப் பழக்கமானவர், நோன்பு நாளில்கூட முகம் சுளிக்காமல் வேலை செய்து கொடுப்பவர். உள்ளே இருந்த ரப்பரை மாற்றிக் கொடுத்தார். சில வாரத்தில் மறுபடியும் அதே கோளாறு. அப்புறம் மறுபடியும்.

எனக்குக் கண்ணேறு என்று தோன்றியது. வண்டிக்கு எலுமிச்சையும் மிளகாயும் கட்டினேன். சஷ்டி விரதம் இருந்தேன். பேட்டரியே புதிது வாங்கினேன். முன்பெல்லாம் மாப்பிள்ளை பம்பைப் பற்றிக் கேலி பேசாமல் ஒரு நாள் போகாது. பெட்டி வந்த பிறகு அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

கடைசியாகப் போனபோது பாய் அந்த ரப்பரை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தோசைக்கல்லில் ஒட்டிய மாவு மாதிரி வெந்திருந்தது.

“ஏனுங்க, தண்ணி இல்லாம ரொம்ப நேரம் ஓடியிருக்குதுங்க. வண்டி மேட்டுல நின்னா தண்ணி ஒரு பக்கமாப் போயிரும், இது வெறுங்காத்த இழுக்கும். அப்ப சத்தமே மாறிப்போயிரும். பக்கத்துல ஆள் நிக்கிறாருல்ல? ஆஃப் பண்ணச் சொல்லுங்க.”

மாப்பிள்ளை பாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடை வாசலில் நின்றிருந்தார். “கேட்டீங்களா மாப்ள?” என்றேன். அவர் திரும்பவில்லை. தெருவில் பஸ் சத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து வந்த கிருத்திகைக்கு இரண்டு பேரும் கோயிலுக்குப் போனோம். நல்ல கூட்டம். திரை போட்டிருந்தது. எல்லோரும் கண்ணை மூடி நின்றோம். திரை விலகியதும் பெரிய மணியை அடித்தார்கள். மணி அடித்தால் கண் திறப்பது நமக்கெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்து வருவதில்லை. கூட்டமே கண் திறந்து, கையைத் தூக்கி, முருகா என்றது. தீபம் சாமி முகத்தில் ஏறி இறங்கியது. நான் பக்கத்தில் பார்த்தேன். மாப்பிள்ளை கண்ணை மூடியபடியே நின்றிருந்தார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. மணி காதைப் பிளக்கிறது, அவர் முகத்தில் ஒரு அசைவு இல்லை. தீபாராதனை முடிந்து, முன்னால் நின்றவர் தோள் இடித்த பிறகுதான் கண் திறந்தார். சாமிக்கு முன்னால் இருந்த வெளிச்சம் அதற்குள் போய்விட்டது. பார்த்துவிட்டதுபோலக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பெட்டியும் பம்பும் அவர் கையும் அங்கேயே ஒன்றன்பின் ஒன்றாக எனக்கு ஞாபகத்துக்கு வந்தன. கண்ணில் ஒற்றிக்கொள்வதற்காக அவர் பம்பைத் தொடவில்லை. துடிப்பைக் கையால் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் பெட்டி போட்டு அதையும் மூடிவிட்டேன்.

படி இறங்கும்போது அவருக்கு எதிரே நின்று கேட்டேன்.

“எப்பருந்துங் மாப்ள?”

கொஞ்ச நேரம் என் வாயைப் பார்த்தார். மறைக்க வழியில்லை என்று தெரிந்ததும் சிரித்தார்.

“தெரியலீங் மச்சான். தறில யாருக்குங் காது கேக்கும்? அங்க எல்லாரும் வாயப் பாத்துத்தான் பேசுவோம். கையக் காட்டுனாப் போதும். எப்ப கேக்காமப் போச்சுன்னு எனக்கே தெரியாமப் போச்சுங்.”

“ஊட்லகூட யாருக்கும் தெரியலீங்களா?”

“ஊட்ல எல்லாரும் கத்தித்தானுங் பேசறாங்க. உங்க தங்கச்சி ஒண்ணு போதும், பக்கத்து ஊருக்கே கேக்கும்” என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். சொல்லி முடித்ததும் முகம் இறங்கிவிட்டது. “சொன்னா வண்டிய உட்டு எறக்கிருவீங்களோன்னுதான் சொல்லலீங். அவகிட்டச் சொல்லிப் போடாதீங்.”

அவர் சொன்னது உண்மைதான். தறிக்காரர் வீடுகளில் பிள்ளைகள்கூட முகத்துக்கு நேராக நின்று, வாயை நன்றாகத் திறந்து, உரக்கத்தான் பேசும். ஒருவருக்குக் காது போனால் அங்கே தனியாகத் தெரியாது.

மறுநாளே பெட்டியை உடைத்து எடுத்தேன். மாப்பிள்ளை பம்பின் மேல் கையை வைத்தார், மறுபடியும் கோளாறைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு எங்கள் பம்பில் ரப்பர் வேகவே இல்லை. காது டாக்டரிடமும் போனோம். நரம்பு தேய்ந்துவிட்டது என்றார். காதில் மாட்ட மெஷின் கொடுத்தார். ரோட்டில் அதை மாட்டினால் ஹாரனும் பம்பும் பேச்சும் ஒரே இரைச்சலாக வந்து விழுகிறது என்று மாப்பிள்ளை தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

சமாளித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தக் கம்பெனியின் வண்டி நிறுத்துமிடத்தில் ஒருநாள் கார் ஒன்று பின்னால் வந்தது. ஹாரன் அடித்தது. நான் கம்பத்தைத் தூக்கிப் பிடித்தபடி கத்தினேன். மாப்பிள்ளை பம்பைத் தொட்டுக்கொண்டு, காருக்கும் எனக்கும் முதுகைக் காட்டி நின்றிருந்தார். கார் அவர் இடுப்பில் உரசி நின்றது. அடி பெரிதில்லை. ஆனால் பார்த்தவர்கள் பயந்துபோனார்கள்.

மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டார். கெட்ட மனுஷன் இல்லை, உட்காரச் சொல்லித்தான் பேசினார்.

“அவருக்குக் காது கேக்காதாமே. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நாங்கதான் பதில் சொல்லணும். அடுத்த தடவை வேற ஆளோட வாங்க. இல்லீன்னா நாங்க வேற ஏற்பாடு பாத்துக்கறோம்.”

“எந் தங்கச்சி ஊட்டுக்காரருங்க” என்றேன்.

“புரியுதுங்க. ஆனா இங்க வேண்டாம்.”

“பாக்கறனுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

வாசல் பக்கம் திரும்பியபோதுதான் கண்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வண்டியருகே மாப்பிள்ளை எங்களைப் பார்த்தபடி நின்றிருந்தார். அந்தக் கண்ணாடியை அன்று காலையில்தான் நாங்கள் இரண்டு பேரும் கழுவினோம். ஒரு பொட்டுக் கறை இல்லை. மேனேஜர் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு வார்த்தையையும் அவர் படித்துவிட்டார். நான் சொன்னதையும்.

நான் வெளியே வந்தபோது அவர் டியூபைச் சுருட்டினார். வண்டியில் ஏறியதும் சொன்னார்.

“நானு தறிக்கே போறனுங் மச்சான். அங்க யாரும் என்னையக் கூப்புட மாட்டாங்க. கூப்புட்டாலும் கேக்காதுன்னு அவங்களுக்குத் தெரியும்.”

“இருமல் இருக்குதுங்களே மாப்ள. தங்கச்சிக்கு நான் வாக்குக் குடுத்திருக்கனுங்” என்றேன். வண்டி ஓட்டிக்கொண்டே சொன்னதால் என் வாய் அவருக்குத் தெரியவில்லை. அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். நிறுத்தி, திரும்பி, இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். சொன்னாலும் கேட்டிருக்க மாட்டார் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது அவர் கருமத்தம்பட்டியில் தறி ஓட்டுகிறார். போன மாதம் பார்க்கப் போனேன். தறிக் குடோனுக்குள் நுழைந்ததும் அந்த இரைச்சலில் எனக்கு வேறு எதுவும் கேட்கவில்லை. அவர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். புரியவில்லை என்று கையை விரித்தேன். கையைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினார். சாப்பிட்டீர்களா என்று கேட்டிருக்கிறார். பக்கத்துத் தறிக்காரர் என்னைக் காட்டி அவரிடம் வாயசைத்தார், இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்புறம் அவர் இரும ஆரம்பித்தார். அதுவும் எனக்குக் கேட்கவில்லை. தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது.

கிருத்திகைக்கு இப்போதும் வருகிறார். ஆனால் கண்ணை மூடுவதில்லை. திரையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

சொந்தத்தில் இதை வேறு மாதிரி பேசுகிறார்கள். குடித்துவிட்டுப் பம்பை எரித்தார், அதனால் மச்சான் விரட்டிவிட்டான் என்கிறார்கள். அவர் வாயில் ஒரு சொட்டு வைத்ததில்லை. நான் விரட்டவில்லை, நிறுத்தி வைக்கவும் முடியவில்லை. இதைப் படிக்கிறவர்கள் தறிக்காரர் வீடு யாருடையதாவது தெரிந்தால் அவர்களிடம் சொல்லுங்கள். சொல்லும்போது என்மேல் இரக்கப்பட்டு எதையும் குறைக்க வேண்டாம், அவருக்காக எதையும் கூட்டவும் வேண்டாம். காது கேட்கவில்லை, கையால் கேட்டார், மறுபடியும் தறிக்குப் போய்விட்டார். நடந்தது இவ்வளவுதான். இப்படியே சொல்லுங்கள். சொல்லும்போது அவர்கள் முகத்துக்கு நேரே நின்று சொல்லுங்கள்.