பக்கத்து இருக்கை

காலை எட்டு ஐந்து. யாழ்ப்பாணம் சுற்றிக் காட்டும் வான் வண்டி ஹோட்டல் வாசலில் வந்து நின்ற நேரம் அது. பிறகு நடந்ததை நம்பாதவர்கள் உண்டு. ஆனால் நடந்தது. வானில் வந்த மற்றவர்களைக் கேட்டாலும் கீரிமலை வரைக்கும் இதையேதான் சொல்வார்கள். ஒன்றைத் தவிர.

பிரசாந்தி இணுவிலில் பிறந்தவள். ஜேர்மனியில் இருக்கிறாள். அப்பா பொன்னம்பலத்தின் போன் ஒரு மாதமாக வேலை செய்யவில்லை. அவரைப் பார்க்காமல் இருக்க முடியாமல் பறந்து வந்தாள். வந்து இறங்கிய பிறகுதான் அண்ணன் சுபாஸ்கரனுக்கே சொன்னாள். தான் கொழும்பில் நிற்பதாக அவன் சொன்னான். வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கிறார்களாம். தூசிக்குப் பயந்து அப்பாவைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டிருக்கிறானாம். எந்த வீடென்று கேட்டதற்கு, நாளைக்குத் தானே வந்து கூட்டிப் போகிறானாம்.

அந்த வீடு அவளுக்கென்று அப்பா சீதனமாகச் சொன்னது. அவள் பேருக்கு இன்னும் எழுதவில்லை.

ஒரு பகலைப் போக்க வேண்டும். வானில் ஏறினாள்.

"யாழ்ப்பாணத்திலை பிறந்து, யாழ்ப்பாணத்தைச் சுத்திக் காட்டச் சொல்லி வந்த முதல் ஆள் நீங்கள்தான் அக்கா" என்றான் வழிகாட்டி றொகான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

நல்லூர். நூலகம். கோட்டை.

கோட்டை மதிலில் படம் எடுத்துவிட்டுத் திரும்பி வந்தபோது, பின் வரிசையில், அவளுக்குப் பக்கத்தில், யன்னலோரம் அப்பா இருந்தார்.

"அப்பா! ஆர் கூட்டிக்கொண்டு வந்தது?"

"நானாத்தான் வந்தனான் பிள்ளை."

அவள் அழுதாள். அவர் அழவில்லை. புது வேட்டி. மடிப்புக் கலையவில்லை. சந்தன மணம்.

றொகான் தன் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அக்கா, இதைப் பக்கத்துச் சீற்றிலை வைக்கவோ?"

"ஆள் இருக்கிறது தெரியேல்லையே?"

அவன் இருக்கையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். முன்னால் போய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். அதன் பிறகு அவன் பகிடி விட்டு யாரையும் சிரிக்கவைக்கவில்லை.

காங்கேசன்துறை வீதி. வெயில் யன்னலால் விழுந்தது. அப்பாவின் கை குளிர்ந்திருந்தது.

"வீட்டிலை பெயின்ற் முடிஞ்சுதே அப்பா?"

"வீட்டிலை எனக்கு இடமில்லை."

அவருடைய கீழுதட்டின் ஓரத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. ஒரு மணி. சோறல்ல... பச்சையரிசி. அவள் விரல் நுனியால் எடுத்தாள்.

"என்னப்பா, அரிசி சப்புறியளோ?"

"அண்ணைதான் போட்டவன்."

அவளுக்கு விளங்கவில்லை. விளங்க விரும்பவில்லை.

பதினொன்று இருபது. கீரிமலை. எல்லோரும் இறங்கினார்கள்.

"வாங்கோ அப்பா."

"நான் வரேல்லை. அங்கை வந்தால் பிறகு திரும்பேலாது. நீ போ. அண்ணை நிக்கிறான்."

"அண்ணை கொழும்பிலையெல்லோ?"

அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கேணியில் சிறுவர்கள் குதித்தார்கள். தொம்... தொம்... கடல் பக்கம் சிலர் அந்தியேட்டி செய்துகொண்டிருந்தார்கள். முப்பத்தோராம் நாள் காரியம்.

"இறந்தவரின்ரை பேரைச் சொல்லுங்கோ" என்றார் குருக்கள்.

"பொன்னம்பலம்."

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும்.

மொட்டைத் தலை. ஈர வேட்டி. விரலில் தர்ப்பை.

"அண்ணை."

சுபாஸ்கரன் திரும்பினான்.

"எப்ப?"

"போன மாதம்... நித்திரையிலை. உனக்குச் சொல்லுவம் எண்டுதான்..."

"எண்டுதான்?"

"வீட்டை என்ரை பேருக்கு எழுதி முடியட்டும் எண்டு பாத்தனான்." அவன் மணலைப் பார்த்தான். "அப்பாவே மனம் மாறிட்டார் பிள்ளை. வீடு எனக்குத்தானெண்டு தன்ரை வாயாலை சொன்னவர்."

அலை வந்தது. போனது.

அவள் விரலைப் பார்த்தாள்.

அரிசி இன்னும் ஒட்டியிருந்தது.

"அப்பா வானுக்குள்ளை இருக்கிறார். வாங்கோ அண்ணை. இப்ப சொன்னதை அவரின்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ."