ஆறு பேருக்கும் தையல்

போன வாரம் மகளை ஏழாம் மாதப் பரிசோதனைக்குத் தருமபுரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் சின்னப் பெண். "பிரசவத்துல தேவப்பட்டாத்தாங்க பிள்ளை வர்ற வழியில கொஞ்சம் வெட்டித் தையல் போடுவோம். அதையும் உங்க பொண்ணக் கேட்டுட்டுத்தான்" என்றார். மகள் தலையாட்டினாள். எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. கேட்டுவிட்டா?

இவள் பிறந்தபோது என்னை யார் கேட்டார்கள்? "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார் நர்ஸம்மா. ஒன்றுமில்லாததற்கு அத்தனை தையலா? இப்போதும் எங்காவது டெட்டால் வாசனை வந்தால் தானாக ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறேன். அன்று பிரசவ வார்டில் ஆறு பேர் இருந்தோம், ஆறு பேருக்கும் தலைப்பிரசவம். எல்லோரும் அப்படித்தான் உட்கார்ந்தோம். பிள்ளை பெற்றவள் உட்காரும் முறையே அதுதான் என்று நினைத்த மண்டு நான்.

மூன்றாம் நாள் சித்தேரி மலையிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளுக்கும் முதல் பிள்ளை. மலை இறங்கும்போது வேனிலேயே பிறந்துவிட்டதாம். வந்தவள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இட்லி தின்றாள். ஆறு பேரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம்.

"உனக்குத் தையல் போடலியா?" என்றேன்.

"எதுக்குக்கா? ஒண்ணும் கிழியலன்னு நர்ஸம்மா சொல்லிட்டாங்க."

ஊசி போட வந்த நர்ஸம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "எனக்கு ஏங்க வெட்டுனீங்க?"

"மொதப் பிரசவம்னா வெட்டறதுதாங்க. இல்லன்னா கன்னாபின்னான்னு கிழிஞ்சுடும்."

"அந்தப் பொண்ணுக்குக் கிழியலயே?"

"அவ அதிர்ஷ்டம்" என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

நீங்களே சொல்லுங்கள், ஆறு பேருக்கும் ஒரே நேரத்திலா அதிர்ஷ்டம் கெட்டுப்போகும்? பிள்ளைக்கு மூச்சுத் திணறினால் வெட்டத்தான் வேண்டும், அது எனக்கும் தெரியும். எனக்கு அப்படி ஏதாவது இருந்ததா, இல்லை கை பழகிவிட்டதா, அடுத்த கேஸ் காத்திருந்ததா? இத்தனை வருஷமாக மனசு ஆறவில்லை.

மகளின் பரிசோதனை முடிந்ததும், இவளை நான் பெற்ற ஆஸ்பத்திரி இருந்த தெருவுக்கு ஆட்டோவை விடச் சொன்னேன். ஏன் வெட்டினார்கள் என்று என் கேஸ் சீட்டில் ஏதாவது எழுதியிருப்பார்கள் இல்லையா? ஆஸ்பத்திரியே இல்லை. அந்த இடத்தில் டைல்ஸ் கடை. பழைய காகிதமெல்லாம் எப்போதோ எடைக்குப் போய்விட்டதாம். அந்த நர்ஸம்மா எந்த ஊர் என்றுகூட யாருக்கும் தெரியவில்லை.

"இங்க எதுக்கும்மா வந்தோம்?" என்றாள் மகள். சும்மா என்றேன். இரண்டாவது பிள்ளை வேண்டவே வேண்டாம் என்று நான் வீட்டில் சண்டை பிடித்தது அந்தத் தையலுக்குப் பயந்துதான். தனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லாதது ஏன் என்று அவளுக்கு இன்னும் தெரியாது.