பிழை சொன்ன கட்டுரை

யுத்தகாலம். கொழும்பு வெள்ளவத்தையில் என் போட்டோக்கொப்பிக் கடைக்கு, பார்க்கின்சன் நோயை ஆராயும் ஒல்லியான டொக்டர் ஒருவர் வருவார். சோதனைச்சாவடிகளில் காட்டிக் காட்டி, அடையாள அட்டை எப்போதும் சட்டைப்பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சூடான தாள்களை நின்றபடியே வாசித்துப் பார்த்துத்தான் எடுத்துப்போவார்.

ஒருநாள், வெளிநாட்டு வேலை விண்ணப்பத்தோடு அனுப்ப, தன் ஆய்வை மேற்கோள் காட்டி மற்றவர்கள் எழுதிய கட்டுரைகளைக் கொண்டுவந்தார். டொக்டரின் முடிவு பிழை என்று அதில் ஒரு கட்டுரையின் தலைப்பே சொன்னது.

"இதை விட்டிடுவமே, டொக்டர்?"

"இல்லைத் தம்பி. மற்ற ஆக்கள் என்ர பேரை மட்டும் போட்டிருக்கினம். இவர்தான் முழுக்க வாசிச்சிருக்கிறார்."

அதையே மேலே வைத்து அனுப்பினார். வேலை கிடைக்கவில்லை, அந்தத் தாளால்தானோ தெரியாது. அடுத்த வருடம் தன் புதிய கட்டுரையோடு வந்தார். அதில் முதல் மேற்கோள், பிழை சொன்ன அதே மனிதருடையது.